புள்ளி விழுகிறதா?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்குத் 'தொடுதிரை எழுத்தாணி: தேர்வும் பயன்பாடும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பாலிடெக்னிக் பாடத் தலைப்பு மாதிரி இருக்கிறது. அந்த அழைப்பிதழின் மெய்ப்பும் என் கைக்குத்தான் வந்தது. தேதியில் ஒரு பிழை, தலைவர் பெயரில் ஓர் ஒற்றுப் பிழை, இரண்டையும் திருத்திக் கொடுத்துவிட்டுத் தலைப்பை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்தவர் தலைப்பில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

நான் கணினிக்காரன் இல்லை. முப்பத்தைந்து வருஷம் புரூஃப் பார்த்தவன். ஈய எழுத்துக் கோத்த காலத்தில், மை காயாத கேலி புரூஃப் தாளில் தொடங்கினேன். பிறகு ஆஃப்செட் வந்தது, லேசர் பிரிண்ட் வந்தது. தாள் மாறிக்கொண்டே இருந்தது, கையில் இருந்த சிவப்பு மைப் பேனா மாறவில்லை. 2020இல் ஊரடங்கு வந்து கூரியர் நின்றது. பதிப்பகத்திலிருந்து ஃபோன்: "சார், பிடிஎஃப் அனுப்பியிருக்கோம், அதுலயே மார்க் பண்ணி அனுப்பிடுங்க." சொல்ல எளிது. கணினியில் ஒவ்வொரு பிழைக்கும் மவுஸை நகர்த்தி, குறிப்புப் பெட்டியைத் திறந்து, தட்டச்சு செய்து, மூட வேண்டும். ஒரு பாரம், அதாவது பதினாறு பக்கம், முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தாளில் என்றால் விட்டுப்போன ஓர் ஒற்றைச் சேர்க்க ஒரு கோடும் ஓர் எழுத்தும் போதும், இரண்டு விநாடி வேலை.

என் மகள் தன் வீட்டில் சும்மா கிடந்த டேப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அப்பா, இதுல பேனாவால எழுதலாம். சிவப்பு மை கூட இருக்கு" என்றாள். அன்றைக்குத் தொடங்கிய தேடல்தான். இன்றைக்கு இந்த மேசையில் மூன்று பேனா இருக்கின்றன, வீட்டு அலமாரியில் எதற்கும் ஆகாமல் இன்னும் நான்கு. அந்த ஏழு பேனாவையும் வாங்கியதில் தெரிந்துகொண்டதைத்தான் பேசப்போகிறேன்.

முதல் பேனாவை செல்ஃபோன் கடை ஒன்றில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். அலுமினியக் குழாய், சட்டைப்பையில் மாட்டக் கொக்கி, நுனியில் பச்சைப் பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் குமிழ். பெட்டியில் 'எல்லாத் தொடுதிரைக்கும்' என்று போட்டிருந்தது. அது உண்மைதான், எந்தத் திரையில் வைத்தாலும் வேலை செய்தது. வீட்டுக்கு வந்து மெய்ப்பைத் திறந்தேன். மூன்றாவது வரியில் 'வாக்கு கொடுத்தான்' என்று இருந்தது. நடுவில் ஒரு 'க்' போட வேண்டும். ககரத்தை எழுதிவிட்டேன், கைக்குழந்தை எழுதிய மாதிரி பெரிதாக. மேலே புள்ளி வைத்தேன். விழவில்லை. மறுபடி தொட்டேன். விழவில்லை. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன். 'நகலெடு, ஒட்டு, நீக்கு' என்று ஒரு பட்டியல் எழும்பியது. நான்காம் முறை புள்ளி விழுந்தது, ஆனால் ககரத்தின் மேல் இல்லை, பக்கத்து எழுத்தின் மேல். குமிழுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை, அதுதான் காரணம்.

எனக்குக் கோபம் வந்தது. தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி எழுத முடியுமா? இப்போது நான் பேசுகிற இந்த வாக்கியத்தையே எழுதிப் பாருங்கள், எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்துக்கும் 'ஜே' எழுத்துக்கும் தலையில் ஒரு புள்ளி, அது விழாவிட்டாலும் வாசித்துவிடலாம். நமக்கு அப்படி இல்லை. 'பட்டம்' என்று எழுதிப் புள்ளி விழாவிட்டால் 'படடம'. இந்தப் பேனாக்களைப் பற்றி எழுதுகிற மதிப்புரைகளில் கோடு எப்படி, நிழல் எப்படி, வண்ணம் எப்படி என்று பக்கம் பக்கமாக வரும். புள்ளி எப்படி என்று ஒருவரும் எழுதுவதில்லை. அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன்.

ஏன் விழவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள, கண்ணாடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்றைய தொடுதிரைகளை கெபாசிட்டிவ் திரை என்கிறார்கள். கண்ணாடியின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னியது போல ஓடுகின்றன. அந்தக் கோடுகளில் சின்ன மின்புலம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். நம் உடம்பு மின்கடத்தி. விரல் கிட்டே வந்ததும் அந்த மின்புலத்தில் கொஞ்சம் நம் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எந்த இடத்தில் குறைந்தது என்று திரை கணக்குப் போடுகிறது. விரல் திருடுகிறது, திரை திருட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருட்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் திரை அதைப் பொருட்படுத்தாது. ஈ உட்கார்ந்ததற்கெல்லாம் செயலி திறக்கக் கூடாதல்லவா? அதனால்தான் ரப்பர் குமிழ் ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் விரல் நுனி போல அகலமாக இருக்கிறது. கூராகச் சீவினால் திரைக்குத் தெரியாமல் போய்விடும். அந்தப் பேனா ஒரு செயற்கை விரல், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை ஒன்று. 2010 பனிக்காலத்தில் தென்கொரியாவில் கையுறையைக் கழற்ற மனமில்லாதவர்கள், கடையில் விற்கும் சின்ன இறைச்சிச் சுருளான சாஸேஜை எடுத்துத் திரையைத் தடவினார்கள். அதுவும் உடம்பைப் போல மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும், அளவும் விரல் அளவு. நூற்றைம்பது ரூபாய்ப் பேனாவின் தத்துவமும் சாஸேஜின் தத்துவமும் ஒன்றுதான்.

அடுத்த தொல்லை உள்ளங்கை. எழுதும்போது நாம் எல்லோரும் கையின் ஓரத்தைத் தாளில் ஊன்றித்தான் எழுதுகிறோம். ரப்பர் பேனாவோடு கையை ஊன்றினால் திரைக்கு இரண்டு திருடர்கள், குமிழ் ஒன்று, உள்ளங்கை ஒன்று. எது பேனா என்று திரைக்குத் தெரியாது. சில செயலிகள் தொடும் இடத்தின் அளவை வைத்து ஊகித்துப் பார்க்கும், பாதி நேரம் தோற்கும். என் மெய்ப்பு முழுக்க ஓரங்களில் நத்தை ஊர்ந்த மாதிரிச் சிவப்புக் கோடு. வேறு வழியில்லாமல் கையைத் தூக்கிப் பிடித்து, கோலம் போடுகிறவர்கள் மாதிரி அந்தரத்தில் எழுதினேன். கால் மணி நேரத்தில் தோள்பட்டை இற்றுப்போனது. நாலாக மடித்த கைக்குட்டையை உள்ளங்கைக்கு அடியில் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்று பிறகு கண்டுபிடித்தேன். ஓவியர்கள் சுண்டு விரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடும் அரைக் கையுறை ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். அதுவும் கிடைக்கிறது.

ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் பேனாக்களில் நாம் காசு கொடுப்பது கூரான நுனிக்காக இல்லை, திரையில் கை ஊன்றி எழுதும் உரிமைக்காக. விற்கிறவர்களே இதைச் சரியாகச் சொல்வதில்லை.

கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். 1993இல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்று ஒரு கையடக்கக் கருவியை விற்றது. பேனாவால் எழுதினால் அது வாசித்துக்கொள்ளும் என்றார்கள். வாசித்த லட்சணம் அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளில் நகைச்சுவைத் துணுக்காகியது. 1996இல் பாம் பைலட் வந்தது. அவர்கள் புத்திசாலிகள். கருவிக்கு நம் கையெழுத்தைக் கற்பிப்பதற்குப் பதிலாக, நமக்குக் கருவியின் கையெழுத்தைக் கற்பித்தார்கள். கிராஃபிட்டி என்று பெயர். ஓர் எழுத்துக்கு ஒரே கீற்று, பேனாவை எடுக்காமல் எழுதும்படி எழுத்துகளையே சுருக்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்துத் திரைகள் ரெசிஸ்டிவ் வகை. இரண்டு படலங்களுக்கு நடுவே இடைவெளி, அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டும். அதற்கு நகம் போதும், குச்சி போதும். 2007 ஜனவரியில் ஐஃபோனை அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஸ்டைலஸைக் கிண்டலடித்தார், அந்தக் குச்சி யாருக்கு வேண்டும் என்ற பாணியில். எட்டு வருஷம் கழித்து, 2015இல், அதே நிறுவனம் ஐபேட் ப்ரோவோடு 99 டாலருக்குப் பென்சிலை விற்றது. அவர் மறைந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. இதை வைத்து அவரைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் அவர் சொன்னது தவறில்லை. அவர் வேண்டாம் என்றது சின்னப் பொத்தானைக் குத்துகிற குச்சியை. எழுதுகிற பேனா வேறு சாமான்.

அந்த வேறு சாமானில் இரண்டு ஜாதி. முதல் வகையைப் பேசுகிற பேனா என்று நான் சொல்வேன். உள்ளே மின்கலம் இருக்கும். நுனியிலிருந்து அது திரைக்கு ஒரு சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும்: நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு அழுத்தமாக ஊன்றியிருக்கிறேன், இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்று. விரலைக் கண்டுபிடிக்கிற அதே கோடுகள்தான் இதையும் கேட்கின்றன. பேனாவின் குரல் கேட்டதும் திரை உள்ளங்கையைக் கண்டுகொள்வதில்லை. ஆப்பிள் பென்சில், மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் பேனா, குரோம்புக்குகளில் வரும் யு.எஸ்.ஐ. பேனா, எல்லாம் இந்த வகை.

இரண்டாவது வகை எதிரொலிக்கிற பேனா. 1983இல் ஜப்பானில் தொடங்கிய வாக்கம் நிறுவனம் வளர்த்த முறை, இ.எம்.ஆர். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இதில் எழுதுவதற்கு மின்கலமே தேவையில்லை. திரைக்கு அடியில் தனியாக ஒரு பலகை இருக்கும். அது மின்காந்த அலையை மேலே அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அந்த அலையில் அதிர்ந்து பதில் கொடுக்கும். கோயில் மணியை அடித்தால் பக்கத்தில் தொங்கும் மணி லேசாக ரீங்கரிக்குமே, அப்படி. 2011இல் சாம்சங் காலக்ஸி நோட் ஃபோனோடு வந்த எஸ் பென் இந்த வகைதான், அவர்களுடைய எஸ் வரிசை டேப்லெட்டுகள் பலவற்றிலும் அதுவே. மின்மை (இ-இங்க்) திரையில் புத்தகம் வாசிக்கவும் குறிப்பு எழுதவும் செய்த ரிமார்க்கபிள் 2, கிண்டில் ஸ்கிரைப் போன்றவற்றிலும் இதே முறை. பேனாவை சார்ஜ் செய்ய வேண்டாம், மறதிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். சாம்சங் கருவிகளில், பேனா திரையைத் தொடுமுன்பே, ஒரு விரற்கடை உயரத்தில் இருக்கும்போதே, எங்கே விழப்போகிறது என்று ஒரு சின்னக் குறி காட்டும். ஒற்றெழுத்துக்காரர்களான நமக்கு அது பெரிய உதவி.

இப்போது நான் ஏமாந்த கதை. இந்த இரண்டு ஜாதியும் இருக்கின்றன என்று தெரியாமல், 'உள்ளங்கை ஊன்றலாம்' என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து இணையத்தில் ஒரு பேனா வாங்கினேன். இரண்டாயிரத்துச் சொச்சம். வெள்ளை நிறம், கூர் நுனி, பார்க்க அம்சமாக இருந்தது. மகள் கொடுத்த ஆண்ட்ராய்ட் டேப்லெட்டில் வைத்தேன். ஒன்றும் இல்லை. அழுத்தினேன், தேய்த்தேன், சார்ஜ் ஏற்றினேன், ஒன்றும் இல்லை. பேனா கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்ப இருந்தேன். மகள் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, இது ஐபேடுக்கு மட்டும்தான் பேசும். உங்க டேப்லெட்டுக்கு இதோட பாஷை தெரியாது." பெட்டியின் அடியில், எட்டு பாயின்ட் எழுத்தில், அப்படித்தான் போட்டிருந்தது. வாழ்நாள் முழுக்கச் சின்ன எழுத்து வாசித்துச் சோறு சாப்பிட்டவன் அதை வாசிக்கவில்லை.

ஆகவே கடைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. நல்ல பேனா எது என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. பேனாவில் பாதிதான் கையில் இருக்கிறது, மறுபாதி கண்ணாடிக்கு அடியில். உங்கள் டேப்லெட்டின் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதி எடுத்துப்போய், "இதற்கு எந்தப் பேனா பேசும்?" என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே சம்பந்தம் ஒத்துவராது. ஆப்பிள் பென்சிலில் 2024 வரை நான்கு வகை வந்திருக்கின்றன. 2018இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பென்சில் 2024இல் வந்த புதிய ஐபேட் ப்ரோவில் வேலை செய்யாது, 2024இன் பென்சில் ப்ரோ பழைய ஐபேடில் வேலை செய்யாது. 2023இல் வந்த யு.எஸ்.பி.-சி பென்சிலில் அழுத்தம் உணரும் வசதி இல்லை. ஆண்ட்ராய்ட் உலகத்தில் நிறுவனத்துக்கு ஒரு பாஷை. இதற்கெல்லாம் ஒரு பொதுமொழி வேண்டும் என்று 2015இல் தொடங்கியதுதான் யு.எஸ்.ஐ. குரோம்புக்குகளில் அது நன்றாகப் பரவியது. ஆப்பிள் அந்தப் பந்தியில் உட்காரவில்லை.

எதிரொலிப் பேனாவில் மட்டும் கொஞ்சம் சமத்துவம் உண்டு. ஒரே முறையில் இயங்கும் டேப்லெட்டாக இருந்தால் ஒன்றின் பேனா பெரும்பாலும் இன்னொன்றில் எழுதும். பென்சில் செய்கிற ஸ்டெட்லரும் மைப்பேனா செய்கிற லாமியும் கூட இந்த முறையில் பேனா போட்டிருக்கிறார்கள். மேசையில் அறுகோணப் பென்சில் மாதிரி ஒன்று இருக்கிறதே, அது அந்த ரகம். கையில் பிடித்தால் பள்ளிக்கூட ஞாபகம் வரும். ஐபேடில் மட்டும் வைக்காதீர்கள், அங்கே அது வெறும் குச்சி.

இன்னொரு கலப்பு ஜாதியும் சந்தையில் நிறைய ஓடுகிறது. கூர் நுனி இருக்கும், சார்ஜ் ஏற்ற வேண்டும், 'எல்லா டேப்லெட்டுக்கும்' என்று போட்டிருக்கும், ஆயிரம் ரூபாய் வாக்கில் விலை. அது மின்சாரத்தால் விரலைப் போல நடிக்கிற பேனா. நுனி தெரியும், எழுத்தும் கொஞ்சம் சிறிதாகும். ஆனால் திரைக்கு அது இன்னும் விரல்தான். கை ஊன்ற முடியாது. என் அலமாரியில் தூங்கும் நான்கில் இரண்டு இவை.

கடையில் வைத்துப் பரிசோதிக்க விட்டால், விற்பனையாளர் போடச் சொல்லும் கையெழுத்தைப் போடாதீர்கள். கையெழுத்து எந்தப் பேனாவிலும் அழகாகத்தான் வரும். முதலில் 'க்' எழுதுங்கள். புள்ளியை அழுத்தி வைக்காமல், தாளில் வைப்பது போல லேசாகத் தட்டிவிட்டு எடுங்கள். பத்து முறை தட்டினால் பத்தும் விழ வேண்டும். மோசமான பேனாவில் நுனி கொஞ்சம் உள்ளே அழுந்தினால்தான் எழுதத் தொடங்கும். கோட்டுக்கு அது தெரியாது, புள்ளிக்குத் தெரிந்துவிடும். அடுத்து, ஒரு ஸ்கேலை வைத்து மூலைவிட்டமாக, மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும். மெதுவாக இழுக்கும்போது சில பேனா-திரை ஜோடிகளில் கோடு பாம்பு மாதிரி நெளியும். பின்னிய கோடுகளுக்கு இடைப்பட்ட இடத்தைத் திரை சரியாகக் கணக்குப் போடாததால் வரும் நெளிவு அது. ழகரத்தின் கடைசிச் சுழிப்பை நிதானமாக எழுதுகிறவர்களுக்கு இந்த நெளிவு எரிச்சலூட்டும். மூன்றாவதாக, உள்ளங்கையை நன்றாக ஊன்றிக்கொண்டு திரையின் கீழ் ஓரம் வரை எழுதிப் பாருங்கள். ஓரத்தில் சொதப்பும் பேனாக்கள் உண்டு.

பேனா நகர்ந்ததும் கோடு தொடர்ந்து வருகிறதா, இழுத்துக்கொண்டு பின்னால் வருகிறதா என்பதையும் பாருங்கள். ஆப்பிள் பென்சிலின் தாமதம் 20 மில்லி விநாடி என்று இருந்தது, 2019இல் மென்பொருள் மாற்றத்தால் மட்டும் 9 ஆகக் குறைத்தார்கள். அதே பேனா, அதே திரை. கணினி அடுத்த கீற்றை முன்கூட்டி ஊகித்து வரைந்துவிடுகிறது. அதனால் பழைய பேனா மந்தமாக இருந்தால் உடனே புதிது வாங்க வேண்டாம், வேறு செயலியில் எழுதிப் பாருங்கள்.

4096 அழுத்த நிலை, 8192 அழுத்த நிலை என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். படம் வரைகிறவர்களுக்கு அழுத்தம் உணரும் வசதி அவசியம்தான், ஆனால் 4096க்கும் 8192க்கும் என் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை, என் பேத்தி நன்றாக வரைவாள், அவள் கைக்கும் தெரியவில்லை. எழுதுவதற்கும் மெய்ப்புக்கும் அழுத்தமே வேண்டாம். நான் அதை அணைத்து வைத்திருக்கிறேன், எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் வந்தால்தான் பக்கம் அமைக்கும் பையனுக்கு என் திருத்தம் புரியும்.

இனிப் பயன்படுத்துகிற பழக்கங்கள். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். டேப்லெட்டைத் தட்டையாக மேசையில் வைத்தால் மேலே சுற்றும் மின்விசிறி முழுசாகத் திரையில் தெரியும். தலைமாட்டில் இரண்டு புத்தகம் கொடுத்துச் சாய்த்து வையுங்கள், பழைய கணக்குப்பிள்ளை மேசை மாதிரி. சித்திரை மாதத்தில் வியர்வைக் கை பட்ட கண்ணாடி தன்னிச்சையாக எழுதும், ஈரத் துளியையும் திரை விரலென்று நினைக்கும். துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மலிவு சார்ஜரை மாட்டிக்கொண்டே எழுதினால் கோடு நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன், கழற்றினால் சரியாகிவிடும். எதிரொலிப் பேனாவுக்குக் காந்தம் ஆகாது. காந்த மூடி போட்ட உறையைத் திரைக்குப் பின்னால் மடித்து வைத்துவிட்டு, புள்ளி எப்போதும் வலப்பக்கம் தள்ளியே விழுகிறது என்று இரண்டு நாள் பேனாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நுனி தேயும், அது குற்றமில்லை. பிளாஸ்டிக் நுனி கண்ணாடியைக் கீறாது, கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும் மணல்தான் கீறும். துடைத்துவிட்டு எழுதுங்கள். காகிதம் போல இருக்கும் என்று ஒரு சொரசொரப்புப் படலம் ஒட்டச் சொல்வார்கள். கண்ணாடியில் எழுதினால் பேனா வழுக்குகிறது, அது உண்மை. படலம் ஒட்டினால் பிடிமானம் வரும், ஆனால் நுனி சீக்கிரம் தேயும், திரை மேல் பனி படர்ந்த மாதிரி எழுத்து மங்கும். ளகரமா லகரமா என்று உற்றுப் பார்க்கிற என் வேலைக்கு அது உதவாது, உரித்துவிட்டேன். பேனா திக்கித் திக்கி எழுதினால், கழற்றி மாட்டும் நுனியாக இருக்கிற பேனாவில் முதலில் அந்த நுனியை இறுக்கிப் பாருங்கள். சார்ஜ் ஏற்றும் பேனாவை மாதக்கணக்கில் காலியாகப் போட்டு வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் மின்கலம் திரும்பி எழாமல் போய்விடும்.

பேச்சுக்கு வந்தவர்களில் ஓலைச்சுவடி வாசிக்கிறவர் ஒருவராவது இருப்பார், அவருக்காக ஒன்று. ஸ்டைலஸுக்கு எழுத்தாணி என்று பெயர் வைத்திருக்கிறோம். பழைய எழுத்தாணியிலும் ரகம் பார்த்துத்தான் வாங்கினார்கள். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் வகை சொல்கிறார். ஓலையை இடக்கையில் பிடித்து, கட்டைவிரல் நகத்தில் ஒரு பள்ளம் வைத்துக்கொண்டு, எழுத்தாணியை அதில் தாங்கி எழுதினார்கள். ஆணி அதிகம் நகராது, ஓலையைத்தான் நகர்த்துவார்கள். கையை எங்கே ஊன்றுவது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை தங்கள் சொந்த நகம்.

அந்த ஆணியால் அவர்கள் செய்யாத ஒன்று உண்டு. பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆனால் இரும்பு முனையால் ஓலையில் குத்தினால் ஓட்டை விழும், ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள் என்பார்கள். விளைவு என்ன? சுவடியில் 'க' என்று இருந்தால் அது ககரமா, ககர ஒற்றா என்று வாசிக்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். எகர ஒகரங்களின் குறிலுக்கும் புள்ளிதான் அடையாளம், அதுவும் போயிற்று, குறில் எது நெடில் எது என்று தெரியாமல் போனது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வடிவத்தை மாற்றிக் கொடுக்கும் வரை இந்தக் குழப்பம். துணைக்காலும் ரகரமும்கூட ஒன்று போலவே இருக்கும். பாம் பைலட்காரர்கள் கருவிக்காக எழுத்தை மாற்றிக்கொண்டது புதுமையே இல்லை, நம்மவர்கள் ஓர் ஆணிக்காகப் புள்ளியைக் கைவிட்டவர்கள். அந்தப் புள்ளிகளைத் திரும்ப எடுத்து வைக்கத்தான் பதிப்பாசிரியர்கள் பலர் கண் கெட்டார்கள்.

அதனால்தான் நூற்றைம்பது ரூபாய் ரப்பர் பேனா என் ககரத்தின் தலையில் புள்ளியை மறுத்தபோது எனக்கு அவ்வளவு கோபம். ரப்பர் பேனாவே வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கம் புரட்ட, படத்தைப் பெரிதாக்க, கை நடுங்கும் பெரியவர்கள் பொத்தானைத் தொட அது நல்ல சாமான். பொத்தான் தொடுவதும் எழுதுவதும் வேறு வேறு. கூகுளின் கையெழுத்து உள்ளீட்டில் நீங்கள் தமிழில் எழுதினால் அச்செழுத்தாக்கித் தரும். அதையும் முயன்று பாருங்கள், விரலாலேயே எழுதலாம். புள்ளி விழாத இடத்தில் அது ஊகித்து நிரப்பிவிடும், சில சமயம் நாம் நினைக்காத சொல்லை.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேசையில் மூன்று பேனாவும் இரண்டு டேப்லெட்டும் இருக்கின்றன. வெள்ளைப் பேனா இடப்பக்க டேப்லெட்டுக்கு, பென்சில் மாதிரி இருப்பது வலப்பக்கத்துக்கு, மாற்றி வைத்துவிட்டுக் கெட்டுப்போனது என்று சொல்லாதீர்கள். ரப்பர் குமிழ் இரண்டிலும் எழுதும், அதைக் கடைசியில் எடுங்கள். 'வாக்குக் கொடுத்தான்' என்று எழுதிப் பாருங்கள், பெரிதாக வேண்டாம், ரூல் போட்ட நோட்டில் எழுதுகிற அளவுக்கு. ஒவ்வொருவராக வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், கூட்டத்துக்கு முன்னால் வடை சாப்பிட்டவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.